கயிறில்லாமல் ஒரு நாள்: ஹம்பிப் பாறைகளில் முதல்முறை ஏறப் போகிறவர்களுக்கு

முதல்முறை ஹம்பிக்குப் போனபோது, பத்தடிகூடத் தேறாத ஒரு பாறையின் உச்சியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தியானம் ஒன்றும் இல்லை. ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை. கீழே நின்ற நண்பன் முதலில் யோசனை சொன்னான், அப்புறம் சிரித்தான், அதற்கப்புறம் அவனுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பையன் என்னை அண்ணாந்து பார்த்து, “ஹிந்தெ, ஹிந்தெ” என்று கையைக் காட்டினான். பின்னால், பின்னால். எழுந்துபோய் எட்டிப் பார்த்தால், பாறையின் முதுகில் இன்னொரு பாறை சாய்ந்து படிக்கட்டுபோலக் கிடந்தது.

ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் படி இதுதான். எந்தப் பாறையானாலும் ஏறும் முன் ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். இறங்கும் வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் காலணியை மாட்ட வேண்டும்.

போல்டரிங் என்பது கயிறு கட்டாமல், விழுந்தால் பெரிய ஆபத்தில்லாத உயரமுள்ள பாறைகளில் ஏறுவது. பொதுவாக 4 அல்லது 5 மீட்டருக்குள் முடிந்துவிடும். இடுப்பில் பட்டை, கொக்கி, கயிறு எதுவும் கிடையாது. கீழே ஒரு தடிமனான மெத்தை, பக்கத்தில் ஒரு நண்பன், அவ்வளவுதான். அந்த நண்பன் பொழுதுபோக்குத் துணை இல்லை. கயிறு செய்யவேண்டிய வேலையை அவன்தான் செய்கிறான். புதிதாக வருபவர்கள் இதைப் பிடிகளையும் காலணியையும்விடக் கடைசியாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

எப்போது, எப்படி

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. அதற்கு வெளியே போகாதீர்கள் என்றே சொல்வேன். ஜனவரி விடியற்காலையில் வெப்பமானி 15 டிகிரியை ஒட்டி நிற்கும்; நண்பகலில் 30ஐத் தொடும். ஏப்ரல், மே மாதங்களில் கருங்கல் தோசைக்கல்தான். குளிர் வேண்டுமென்பது சொகுசுக்காக இல்லை. விரல்நுனி வியர்த்தால் பிடி வழுக்கும், காலணியின் ரப்பரும் குளிர்ந்த கல்லில்தான் நன்றாக ஒட்டும். மாலையில் ஐந்து முறை முயன்றும் விழுந்த பாறையில் மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் முயற்சியிலேயே ஏறியிருக்கிறேன். ஒரே இரவில் எனக்குப் பலம் கூடிவிடவில்லை, கல் குளிர்ந்திருந்தது.

ஹம்பிக்கு இறங்கவேண்டிய ரயில் நிலையம் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். சென்னை, கோவைப் பக்கமிருந்து வருபவர்கள் பெங்களூரு வந்து மாறுவது சுலபம். ஏறுவதற்கு ஏற்ற பாறைகளில் பெரும்பாலானவை துங்கபத்திரையின் வடகரையில், ஆனெகுந்தி, சாணாப்பூர் பக்கம் இருக்கின்றன. தங்குவதும் அந்தப் பக்கமே இருக்கட்டும். பழைய பயணக் குறிப்புகளில் விருபாபுர கட்டெ என்ற இடத்து விடுதிகளைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். அவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020இல் இடிக்கப்பட்டுவிட்டன. அந்தக் குறிப்புகளை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

ஒரு மாதமாவது செயற்கைச் சுவரில் ஏறிப் பழகுங்கள். பெங்களூரில் கண்டீரவா விளையாட்டரங்கில் பொதுச்சுவர் இருக்கிறது. பெரிய நகரங்களில் தனியார் ஏறுதளங்களும் இப்போது வந்துவிட்டன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டும் சேர்ந்ததிலிருந்து ஆர்வம் கூடியிருக்கிறது. சுவரில் நீங்கள் கற்கவேண்டியது கையால் இழுப்பதை இல்லை. காலை நம்புவதையும், விழுவதையும்.

விழுவதற்குத் தனியாகப் பயிற்சி எடுங்கள். இரண்டடி உயரத்திலிருந்து தொடங்கி நான்கடி வரை, இருபது முப்பது தடவை. இரண்டு காலும் தோள் அகலத்தில் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கால் மடிய வேண்டும். அப்படியே பின்பக்கம் உட்கார்ந்து முதுகில் உருள வேண்டும். கைகள் மார்போடு மடங்கியிருக்க வேண்டும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது எல்லோருக்கும் பிறவிப் பழக்கம். மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். அந்தப் பழக்கத்தை விரட்டத்தான் இத்தனை தடவை.

சுவரில் பிடிகளுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். பச்சை என்றால் பச்சை, அதையே பிடித்துக்கொண்டு போகலாம். பாறையில் அந்தக் கதை நடக்காது. ஒரு பாறையில் ஏற வகுத்துவைத்த தனித்தனிப் பாதையை ‘பிராப்ளம்’ என்பார்கள். பெயருக்கேற்றபடி, விடை உங்களுடையது. கடினத்தைச் சொல்ல இரண்டு அளவுமுறைகள் இருக்கின்றன. ஹம்பியில் அதிகம் காதில் விழுவது ‘வி’ முறை. டெக்சாஸின் ஹுவேகோ டேங்க்ஸ் பாறைகளுக்கு 1991இல் கையேடு எழுதிய ஜான் ஷெர்மன் என்பவரின் பட்டப்பெயரான ‘வெர்மின்’ என்பதன் முதல் எழுத்து அது. மற்றது பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோந்தேன்ப்ளோ காட்டிலிருந்து வந்தது. வி முறை வி0இல் தொடங்கி இப்போது வி17 வரை போகிறது. சுவரில் வி3 ஏறுபவர் ஹம்பியில் வி1க்குத் திணறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு வி0வே உதைத்தது.

மூட்டையில் என்ன

கிராஷ் பேட் என்கிற மெத்தைதான் பெரிய சுமை. மடித்தால் முதுகில் மாட்டிக்கொள்ளலாம். விரித்தால் சுமார் நான்கடிக்கு மூன்றடி, நான்கு அங்குலத் தடிமன், ஐந்தாறு கிலோ. மேலே கெட்டியான நுரை, கீழே மெதுவான நுரை. மேல்நுரை அடியைப் பரப்பிவிடும், கீழ்நுரை வாங்கிக்கொள்ளும். வீட்டு மெத்தையோ யோகா விரிப்போ இதற்கு ஈடாகாது. புதியவர்கள் வாங்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்து விடுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும். இருவருக்கு ஒன்று போதும் என்று நினைப்பீர்கள். இரண்டு எடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே ஓரங்களையும் நடுமடிப்பையும் அழுத்திப் பாருங்கள். பலபேர் மிதித்து நுரை செத்துப்போன பேட் வெறும் துணிப்பைதான்.

காலணி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. விரல் மடங்கித் துடிக்கும் காலணிகள் பல வருடம் ஏறியவர்களுக்கு. ஹம்பியில் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் சாய்ந்த, வழவழப்பான முகங்கள். அதற்குத் தட்டையான அடிப்பாகம்தான் நல்லது.

சாக் என்பது பள்ளிக்கூடச் சாக்பீஸ் இல்லை, மக்னீசியம் கார்பனேட் பொடி. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் கையில் பூசுகிறார்களே, அதே பொடிதான். ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று, பிற்பாடு கணிதப் பேராசிரியரான ஜான் கில் 1950களில் அதை அமெரிக்கப் பாறைகளுக்குக் கொண்டுபோனார். அவசரத்துக்கு முகப்பவுடரைப் பூசிக்கொள்ளலாமே என்று என் நண்பன் ஒருமுறை கேட்டான். பூசியும் பார்த்தான். கேரம்போர்டு காய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தான்.

மற்றபடி: ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், நைலான் முள் உள்ள பழைய டூத் பிரஷ் (கம்பிப் பிரஷ் கூடவே கூடாது, கல்லைத் தின்றுவிடும்), விரலில் சுற்ற விளையாட்டு டேப், சிறு முதலுதவிப் பை, நகவெட்டி, ஒரு துண்டு பழைய சாக்கு, தலையில் மாட்டும் டார்ச். சாக்குத் துணி எதற்கென்று பின்னால் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு வாழைப்பழம், கடலை மிட்டாய், எலுமிச்சைச் சாதம். குரங்குகள் உண்டு, ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகளும் உண்டு, அது வேறு விஷயம்.

விடியலில் நடை

ஜனவரியில் ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் எழும். அந்நேரத்துக்கு நீங்கள் பாறையடியில் இருந்தால் நல்லது. பத்தரை மணிவரை மூன்றரை மணி நேரம் கிடைக்கும். வழி வயல்களின் ஊடாகப் போகும். நெல்லும் வாழையும் போட்டிருப்பார்கள். வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முதுகில் இருக்கும் பேட் உங்களைவிட அகலம், திரும்பும்போது வாழை இலையைக் கிழித்துவிடும். வயல்காரர் எதிரே வந்தால் நின்று ஒரு வணக்கம் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். “பண்டெ” என்றால் பாறை. ‘பண்டெ ஏறப் போகிறோம்’ என்பதைக் கைச்சாடையில் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். முதுகில் மெத்தையோடு திரியும் கூட்டத்தை அவர்கள் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிறிஸ் ஷார்மா என்ற அமெரிக்க ஏறுநர் ஹம்பியில் ஏறுவதைப் படம்பிடித்த ஆவணப்படம் 2003இல் வெளிவந்தது. உலகம் இந்தப் பக்கம் திரும்ப அது ஒரு பெரிய காரணம். அதற்கு முன்னும் பாறைகள் இங்கேதான் இருந்தன. சுமார் 250 கோடி வருடப் பழைய கருங்கல். லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோலத் தெரிந்தாலும் எல்லாமே இங்கேயே கிடந்த பாறையின் மிச்சம்தான். பெரும்பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்து, விரிசல்களில் நீர் இறங்கியது. கட்டிகளின் மூலைகளை மூன்று பக்கத்திலிருந்தும் நீர் அரித்ததால் மூலைகள் முதலில் கரைந்து, நடுக்கல் உருண்டையாக நின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அரிப்பு இன்னும் முடியவில்லை. வெங்காயத் தோல்போலப் பாறை அடுக்கடுக்காக உரிகிறது. நல்ல பிடி என்று நீங்கள் நினைக்கும் விளிம்பு, கழன்றுகொண்டிருக்கும் ஒரு தோலாக இருக்கலாம். கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டிக்கல் சத்தமே போடாது. காலிப்பானைபோல ‘டொக்’ என்று கேட்டால் அந்தப் பிடியை விட்டுவிடுங்கள்.

தொடக் கூடாத பாறைகள்

ஹம்பி 1986இலிருந்து யுனெஸ்கோ உலக மரபிடம். மண்டபம், கோயில் சுவர், செதுக்கப்பட்ட கல், கோட்டை மதில் எதிலும் ஏறக் கூடாது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். சில பாறைகளின் விளிம்பில் வரிசையாக உளிக்குழிகள் தெரியும். விஜயநகரக் கல்தச்சர்கள் ஆப்பு அடித்துப் பிளக்க வெட்டிய குழிகள் அவை. விரல் அழகாகப் பொருந்தும். அதனால்தான் சொல்கிறேன், பார்த்துவிட்டு நகருங்கள்.

ஆனெகுந்திப் பக்கத்துப் பாறை மறைவுகளில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்களும் உண்டு. குடைபோலக் கவிந்த பாறையின் அடியில் செந்நிறக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் சாக் கையோடு அருகில் போகாதீர்கள். குங்குமமும் மஞ்சளும் பூசிய கல் என்றால் கேட்கவே வேண்டாம், அது ஊராருடைய சாமி.

மேலே அண்ணாந்து பாருங்கள். உச்சியின் அடியில் கறுப்பாக அரைவட்டத் தட்டு ஒன்று தொங்கினால், அது மலைத்தேனீ. அந்தப் பாறைக்கு நூறடிக்குள்கூட உட்கார வேண்டாம், புகை வேண்டாம், வாசனைத் திரவியம் வேண்டாம். அடுத்து, பேட்டை விரிக்கும் முன் ஒரு குச்சியால் புதரையும் சருகையும் தட்டுங்கள். பாறையடி நிழல் பாம்புக்கும் தேளுக்கும் பிடித்த இடம். கன்னடத்தில் பாம்பை “ஹாவு” என்பார்கள். யாராவது அதைக் கத்தினால் அர்த்தம் யோசிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

பேட்டும் நண்பனும்

இப்போது நாளின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பாறையைப் பார்த்துப் பேட்டை விரிக்காதீர்கள், விழுகிறவரைப் பார்த்து விரியுங்கள். செங்குத்தான முகத்தில் விழுபவர் கிட்டத்தட்ட நேர்கீழே வருவார். முன்னால் கவிந்த பாறையில் கால் ஆடி, முதுகு தரையைப் பார்க்க, இரண்டடி தள்ளி விழுவார். சாய்ந்த முகத்தில் விழுவதே இல்லை, வழுக்கிக்கொண்டு வருவார். ஆக, எந்த இடத்தில் கை நழுவ வாய்ப்பு அதிகம், அங்கிருந்து எங்கே போய்ச் சேருவார் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து வையுங்கள். முதலில் கூர்மையான சிறு கற்களைப் பொறுக்கி ஒதுக்குங்கள். இரண்டு பேட் போட்டால் நடுவே இடைவெளி விடாதீர்கள்; கணுக்கால் தேடிப் போய் விழுவது அந்த இடைவெளியில்தான். வேருக்கும் கல்லுக்கும் மேலே பேட்டின் நடுப்பகுதி வரட்டும், மடிப்பு வர வேண்டாம்.

நண்பன் செய்யும் வேலைக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். பிடிப்பது என்று அதை மொழிபெயர்த்துவிடாதீர்கள். பத்தடி மேலிருந்து வரும் எழுபது கிலோவை யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் இரண்டு பேருக்கும் அடிபடும். விழுபவரின் திசையை மாற்றி, தலையும் முதுகும் கல்லில் படாமல் பேட்டின் மேல் காலூன்றச் செய்வதுதான் வேலை.

எப்படி நிற்பது? ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி. கைகள் மேலே, முழங்கை மடங்கி. உள்ளங்கை விரிந்து, விரல்கள் சேர்ந்து, கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல்களை விரித்து வைத்தால் முதலில் மடங்குவது கட்டைவிரல். கண் ஏறுபவரின் கையைப் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். கை என்ன செய்கிறது என்று பார்ப்பது சுவாரசியம்தான், ஆனால் உடம்பு எங்கே போகிறதென்று இடுப்புதான் முதலில் சொல்லும். விழும்போது இடுப்புக்கு மேல், அக்குளுக்குக் கீழ், அந்த இடத்தில் தள்ளிவிட வேண்டும். ஏறுபவர் பக்கவாட்டில் நகர்ந்தால் காலால் பேட்டையும் இழுத்துக்கொண்டே நகர வேண்டும். அவருக்கும் பின்னாலிருக்கும் வேறொரு பாறைக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால், அந்தப் பாறை இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே, இந்த பிராப்ளம் இன்று தேவையா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கம் இது: ஏறுபவன் “போறேன்” என்பான், கீழே இருப்பவன் “இருக்கேன்” என்பான். அந்த “இருக்கேன்” வராமல் கால் தரையை விடாது. இந்த வழக்கம் ஏன் வந்ததென்றால், இரண்டாவது பயணத்தில் நான் ஆறடியில் இருந்தபோது நண்பன் செல்பேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கால் வழுக்கியது. பேட்டின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் சுளுக்கி, பதினைந்து நாள் நொண்டினேன். அந்தக் காணொளி நன்றாகவே வந்திருந்தது. படம் வேண்டுமென்றால் செல்பேசியை ஒரு கல்லில் சாய்த்து வையுங்கள், கை காலியாக இருக்கட்டும்.

எடை வித்தியாசம் பெரிதாக இருந்தால், கனமானவர் மூன்று, நான்கு அடிக்கு மேல் போகாத பிராப்ளங்களை எடுப்பது நல்லது. இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

சரி, ஏறலாம்

முதல் அரை மணி நேரம் ஏறாதீர்கள். தோள், மணிக்கட்டு, விரல்களைச் சுழற்றிச் சூடேற்றுங்கள். பிறகு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பாறையைச் சுற்றிப் பக்கவாட்டில் நகருங்கள். இறங்க வேண்டிய கவலை இல்லை, விழ இடமில்லை, கல் எப்படி ஒட்டுகிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். அரை நாள் இதையே செய்தாலும் வீணில்லை.

பேட்டில் நின்று காலணியின் அடியைச் சாக்குத் துணியில் அழுத்தித் துடையுங்கள். சொன்னேனே, அதற்குத்தான் அது. செம்மண் ஒட்டிய ரப்பர் சோப்புக்கட்டிபோல வழுக்கும். மேல்விளிம்பில் மணல் இருந்தால் முன்பே இறங்கும் வழியாக மேலே போய்ப் பெருக்கிவிட்டு வாருங்கள். உச்சிக்கு வந்து கடைசிக் கையை மணலில் வைப்பதைப்போல வயிற்றைக் கலக்குவது வேறில்லை.

சாய்ந்த பாறையில் எல்லோரும் செய்யும் தவறு, பயத்தில் பாறையைக் கட்டிக்கொள்வது. உடம்பு கல்லோடு ஒட்ட ஒட்ட எடை காலிலிருந்து விலகும், கால் வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, எடை முழுவதையும் காலணியின் முன்பகுதியில் போடுங்கள். நம்பவே முடியாது, நாவல்பழக் கொட்டை அளவு மேட்டில் நிற்கலாம். செங்குத்தான முகத்தில் நேர்மாறு: இடுப்பு கல்லை ஒட்டியிருக்க வேண்டும்.

விரல்நுனி மட்டும் கொள்ளும் கூரான விளிம்புக்குக் கிரிம்ப் என்று பெயர். ஹம்பியில் அது ஏராளம். கணுவை மடக்கிக் கட்டைவிரலால் பூட்டிப் பிடித்தால் பலம் கிடைக்கும், ஆனால் விரலை மடக்கும் தசைநாணைப் பிடித்துவைத்திருக்கும் சிறு வளையங்கள் அறுந்துபோகவும் கூடும். ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். முதல் வருடம் கையைத் திறந்தே பிடியுங்கள். பிடிக்க முடியவில்லையா, அந்தப் பிடி அடுத்த வருடத்துக்கு.

ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். இரண்டு பேராகப் போவதன் வசதி இதுதான்: ஒருவர் ஏறும் நேரம் மற்றவருக்கு ஓய்வு. நண்பன் விழுந்தால் உடனே வழி சொல்லத் தொடங்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள். ஒரு பிராப்ளத்தின் சுகமே தன் விடையைத் தானே கண்டுபிடிப்பதில் இருக்கிறது. என் நண்பன் குட்டை, நான் நெட்டை, என் விடை அவனுக்கு உதவவும் உதவாது.

பாதி உயரத்தில் மனம் மாறினால் இறங்கி வந்துவிடுங்கள். குதிக்க வேண்டாம். வந்த வழியே பிடி பிடியாக இறங்குவதும் பயிற்சிதான், பேட்டில் குதித்துக் குதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நண்பகல்

பத்தரை, பதினொன்றுக்குக் கல் சுடத் தொடங்கும். நிறுத்துங்கள். இந்த நேரத்தில்தான் களைப்பும் வீம்பும் சேர்ந்து ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று சொல்லும். நிழலில் பேட்டை விரித்துத் தூங்கலாம். கிராஷ் பேட்டின் இரண்டாவது பயன் அது. விரல் தோல் சிவந்து பளபளவென்று இருந்தால் அன்றைக்குப் போதும். கிழிந்தால் நகவெட்டியால் தொங்கும் தோலை வெட்டிவிட்டு டேப் சுற்றுங்கள்.

அடிபட்டால்: கணுக்கால் வீங்கினால் காலணியைக் கழற்றி, இறுக்காமல் கட்டுப்போட்டு, உயர்த்தி வையுங்கள். காலூன்றவே முடியவில்லை என்றால் முறிவு என்று எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். ஹொசபேட்டையிலும் கங்காவதியிலும் மருத்துவமனைகள் உண்டு. பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது; கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குத்தான். இதற்காகவே காலையில் பாறைக்குப் போனதும் செல்பேசியில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள். சில பாறைகளின் பின்னால் சுத்தமாகக் கிடைக்காது.

மாலை

நாலு மணிக்கு மேல் இரண்டாவது சுற்று. புதிதாக எதையும் தொடாமல், காலையில் கைநழுவிய ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தரைக்கு முடித்துவிடுங்கள். வெளிச்சம் அழகாக இருக்கும், கல் குளிரத் தொடங்கியிருக்கும், கிளம்ப மனம் வராது. வந்தாக வேண்டும். 1994இல் அறிவிக்கப்பட்ட தரோஜி கரடிச் சரணாலயம் ஹம்பியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். கரடிக்கு எல்லைக்கோடு தெரியாது. சிறுத்தையும் உண்டு. இரண்டும் பாறைக் குகைகளில் பகலைக் கழித்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். கன்னடத்திலும் கரடி “கரடி”தான், ஊரார் எச்சரித்தால் புரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. திரும்பும்போது பேசிக்கொண்டே நடங்கள். ஆற்றைப் படகில் கடக்க வேண்டியவர்கள் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள், இருட்டினால் படகு ஓடாது.

கிளம்பும் முன் பிரஷ்ஷை எடுத்து, நீங்கள் சாக் பூசிய ஒவ்வொரு பிடியையும் தேய்த்துவிடுங்கள். கால் வைக்க அடையாளமாகப் போட்ட வெள்ளைக் கோடுகளையும்தான். டேப் துண்டு, மிட்டாய் உறை, பழத்தோல் எல்லாம் பையில் ஏறட்டும். பேட்டை மடிக்கும் முன் உதறுங்கள், தேள் உள்ளே வந்து படுத்திருக்கும்.

ஊருக்குள் வந்தால் மண்டக்கியும் மிர்ச்சியும் கிடைக்கும், அதாவது பொரியும் மிளகாய் பஜ்ஜியும். டீ கிளாஸை விரல்நுனியால் பிடிக்க முடியாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கும். இரவு கையைக் கழுவி விரல்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மறுநாள் ஏறாதீர்கள். தோல் வளர ஒரு நாளாவது வேண்டும். விருபாட்சர் கோயிலும் விட்டலர் கோயில் கல்தேரும் ஆற்றின் தென்கரையில் இருக்கின்றன, இரண்டுக்கும் விரல்நுனி தேவையில்லை.